இரண்டு கொடிகள், ஒரு தீவு: சி.எல்.ஆர். ஜேம்ஸின் ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ பற்றி

சி.எல்.ஆர். ஜேம்ஸின் ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ நூலைப் பற்றிப் பேசவென நண்பர்கள் சிலர் ஒரு ஞாயிறு மாலை கூடியிருந்தோம். நூலை முழுதாக வாசித்து வந்தவர்கள் இருவர்தான். நம் சந்திப்புகளில் இது வழக்கமான கணக்கு. முக்கால்வாசி வாசித்திருந்த ஒரு நண்பர் முடிவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். “இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஆளையாள் கடிச்சுக்கொண்டு நிண்டதாலதான் அந்தச் சனம் தப்பினது. ரெண்டு பேரும் ஒண்டா நிண்டிருந்தா ஒண்டும் நடந்திராது. அவ்வளவுதான் கதை” என்றார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் தலையாட்டினார்கள்.

தலையாட்டியதில் வியப்பில்லை. ஊரில் எது நடந்தாலும் ‘இதுக்குப் பின்னால ஆர் நிக்கிறான்?’ என்று கேட்டே பழகிவிட்டோம். இரண்டு தலைநகரங்களுக்கு இடையில் 1987 யூலையில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி மூளையில் பதிந்துபோயிருப்பது இயல்பே. ஆனால் ஒரு கேள்வி எவ்வளவு இயல்பானதாக இருந்தாலும் அது ஒரு நூலை வாசிக்கவிடாமல் தடுக்கக்கூடும். நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியை மறுப்பதற்காகவே ஜேம்ஸ் நானூறு பக்கம் வரையில் எழுதினார் என்பது என் வாசிப்பு. அவர் அதில் எவ்வளவு தூரம் வெற்றிபெற்றார், எங்கே தானே தடுமாறினார் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நூலை அறியாதவர்களுக்காகச் சில விபரங்கள். ஜேம்ஸ் 1901இல் திரினிடாட்டில் பிறந்தவர். 1932இல் இங்கிலாந்துக்கு வந்து, கிரிக்கெட் வீரர் லியரி கொன்ஸ்டன்டைனின் ஆதரவில் லங்காஷயரில் நெல்சன் என்ற சிறு ஆலை நகரத்தில் தங்கினார். கிரிக்கெட் பற்றி பத்திரிகையில் எழுதி வயிறு வளர்த்தபடியே பாரிசுக்குப் போய் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தார். அங்கே நெமூர் என்ற ஹெயிட்டிய இராணுவ வரலாற்றாசிரியர் மேசைமேல் புத்தகங்களையும் கோப்பிக் கோப்பைகளையும் மலைகளாகவும் படைகளாகவும் அடுக்கி யுத்தங்கள் நடந்த விதத்தை அவருக்கு விளங்கப்படுத்தினாராம். முதலில் அதே பொருளில் ஒரு நாடகம் எழுதினார். 1936இல் இலண்டன் மேடையில் போல் ரோப்சன் நாயகனாக நடித்தார். நூல் 1938இல் வந்தது. 1963இல் திருத்திய பதிப்பு. ஜேம்ஸ் 1989இல் இலண்டன் பிரிக்ஸ்டனில் இறந்தார். வேறொரு நாட்டில், வேறொரு மொழிக்காரரின் காப்பகத்தில், தன் கடலின் வரலாற்றைத் தேடிய மனிதரின் நூல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் அதன் சில கோபங்கள் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

நூலின் களம் சான் டொமிங்கோ. இன்றைய ஹெயிட்டி. கரிபியன் கடலில் ஒரு தீவின் மேற்கு மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவே. 1789இல் அங்கே ஏறக்குறைய ஐந்து இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். வெள்ளையர் தொகை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பருமாகச் சுதந்திரமான நிறத்தவர் ஏறக்குறைய முப்பதாயிரம். சீனி, கோப்பி, அவுரி, பருத்தி. பிரான்சின் வெளிநாட்டு வணிகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் துண்டு நிலத்தைச் சார்ந்திருந்தது என்று ஜேம்ஸ் கணக்குக் காட்டுகிறார். நூலின் முதல் அத்தியாயத்தின் தலைப்பு ‘உடைமை’. நிலத்தைப் பற்றியோ ஆலைகளைப் பற்றியோ எழுதப்போகிறார் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டினால், கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடப்பவர்களைப் பற்றிய விபரணம். உடைமை என்பது மனிதர்களே. இரண்டாவது அத்தியாயம் ‘உடைமையாளர்’. இந்த இரண்டு தலைப்புகளிலேயே நூலின் அரசியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. விளக்கவுரை எதையும் ஜேம்ஸ் சேர்க்கவில்லை.

போட்டி என்று நண்பர் சொன்ன விடயத்துக்கு வருவோம். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டு யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை விட்டுக்கொடுத்துவிட்டுக் குவாடலூப், மார்டினிக் ஆகிய சீனித் தீவுகளைத் திருப்பிப் பெற்றுக்கொண்டது. பனி மூடிய ஒரு கண்டத்தைவிட இரண்டு சீனித் தீவுகள் அன்று கணக்கில் பெறுமதியாக இருந்தன. அதே உடன்படிக்கையில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியப் படை பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியும் பிரான்சிடம் திரும்பியது. அந்நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஆனந்தரங்கப்பிள்ளை இறந்தார் என்பதை நாட்குறிப்பு வாசித்தவர்கள் அறிவர். நாம் தனித்தனி வரலாறுகளாகப் படித்தவை ஒரே மேசையில் பேரம் பேசப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்குவதற்கு ஐரோப்பியக் கப்பல்கள் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி முதன்மையானது. சோழமண்டலக் கரையில் நம்மவர் நெய்து நீலம் தோய்த்த துணி அதில் சேர்ந்தது. தறியிலிருந்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஜேம்ஸ் இதைப் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. அவர் பார்வை அத்லாந்திக் சமுத்திரத்தோடு நின்றுவிடுகிறது. இது ஒரு குறை என்று அவரைக் குற்றம் சொல்வதைவிட நாம் எழுதவேண்டிய பக்கம் என்று சொல்வது பொருந்தும்.

1763இன் அவமானத்துக்குப் பழிவாங்கவே பிரான்ஸ் 1778இல் அமெரிக்கக் குடியேறிகளின் பக்கம் நின்று பிரித்தானியாவுக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. வென்றது. வென்றதற்கான விலை நூறு கோடி லிவருக்கும் மேல். பெரும்பாலும் கடன். 1788 அளவில் அரச வருமானத்தில் பாதியளவு கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. பிரபுக்களிடம் வரி கேட்டார்கள், அவர்கள் மறுத்தார்கள், 1789இல் மூன்று வகுப்பினரின் சபையைக் கூட்டவேண்டி வந்தது. பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். இந்த யுத்தத்தில் 1779இல் சவானா நகர முற்றுகைக்குச் சான் டொமிங்கோவிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுதந்திரமான நிறத்தவர் தொண்டர் படையாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இன்னொருவரின் சுதந்திரத்துக்காகத் துப்பாக்கி பிடிக்கப் பழகி ஊர் திரும்பினார்கள். மன்னர்கள் தமக்குள் அடிபட்டுக்கொள்வதற்காகக் கட்டிய படைகள் யாருக்கெல்லாம் ஆயுதப் பயிற்சி கொடுத்தன என்று ஒரு பட்டியல் போட்டால் அது நீளமாக இருக்கும்.

ஆக, போட்டி கடனைக் கொண்டுவந்தது, கடன் நெருக்கடியைக் கொண்டுவந்தது, நெருக்கடி மன்னரைத் தடுமாறவைத்தது. இதுவரை நண்பரின் பாதி. ஆனால் 1791 ஓகஸ்ட் 22ஆம் திகதி இரவு வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் தீ மூண்டபோது அதை மூட்டியவர்கள் பிரித்தானியாவின் கடன் பத்திரங்களையோ பாரிசின் சபைகளையோ கேட்டு மூட்டவில்லை. அன்றைய தோட்டமுதலாளிகளுக்கு இதை நம்ப முடியவில்லை. அடிமை ஒழிப்புச் சங்கத்தாரின் வேலை, மன்னர் ஆதரவாளரின் சதி, இங்கிலாந்தின் கைவரிசை என்று மாறிமாறிச் சொன்னார்கள். தங்கள் வயலில் வேலைசெய்தவர்கள் தாமாகக் கூடித் திட்டமிட்டார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் நம்பத் தயாராக இருந்தார்கள். ‘பின்னால ஆர்?’ என்ற கேள்விக்கு ஒரு பரம்பரை உண்டு. அதை முதலில் கேட்டவர்கள் யார் என்று தெரிந்தபிறகு எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக வாயில் வருவதில்லை.

இந்த இடத்தில் ஜேம்ஸ் முன்வைக்கும் வாதம் நூலின் மிகச் சிறந்த பகுதி. நூற்றுக்கணக்காக ஒரே இடத்தில், பிரமாண்டமான சீனி ஆலைகளில், ஒரே ஒழுங்கின் கீழ் வேலை வாங்கப்பட்ட இந்த அடிமைகள் அக்காலத்தில் உலகில் இருந்த எந்தத் தொழிலாளரைவிடவும் நவீன பாட்டாளி வர்க்கத்துக்கு நெருக்கமானவர்கள் என்கிறார். 1938இல் இதை எழுதத் துணிவு வேண்டும். காலனிய மக்கள் ஐரோப்பியத் தொழிலாளர் விடுவிக்கும்வரை காத்திருக்கவேண்டியவர்கள் என்று இடதுசாரிகளே நம்பிய காலம் அது. அவரோ அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்களுக்கு வைத்த தலைப்புகளில், சான் டொமிங்கோ மக்கள் தொடங்குகிறார்கள் என்றும் பாரிஸ் மக்கள் முடித்துவைக்கிறார்கள் என்றும் வரிசைப்படுத்திவிட்டார். தொடங்கியவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1793 ஓகஸ்டில் வடக்கு மாகாணத்தில் குடியரசின் ஆணையாளர் சொந்தொனாக்ஸ் அடிமை முறையை ஒழித்து அறிவித்தார். 1794 பெப்ரவரி 4ஆம் திகதி பாரிஸ் சபை அதை எல்லாக் காலனிகளுக்கும் சட்டமாக்கியது. இரண்டுமே இரண்டரை ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த தீயின் வெளிச்சத்தில் எழுதப்பட்ட காகிதங்கள்.

பிரித்தானியாவைப் பற்றி ஜேம்ஸ் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1787இல் பிரதமர் வில்லியம் பிற் தன் நண்பர் வில்பர்போர்சை அடிமை வணிக ஒழிப்பை எடுக்கும்படி தூண்டியது மனிதாபிமானத்தால் அல்ல, பிரித்தானியக் கப்பல்கள் கொண்டுவரும் அடிமைகளில் பெருந்தொகையினர் பிரெஞ்சுத் தீவுகளுக்கு விற்கப்பட்டுச் சான் டொமிங்கோவைச் செழிக்கவைத்ததால்தான் என்கிறார். வணிகத்தை வெட்டினால் போட்டிக்காரன் சாவான். கேட்க நன்றாக இருக்கிறது. இதே பாதையில் போய்த்தான் அவருடைய மாணவராக இருந்த எரிக் வில்லியம்ஸ் 1944இல் ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ எழுதினார். ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக 1977இல் சீமோர் ட்றெஷர், அடிமை வணிகம் இலாபம் குறைந்து தானாகச் செத்துக்கொண்டிருக்கவில்லை, செழிப்பாக இருந்தபோதே பிரித்தானியா 1807இல் அதை நிறுத்தியது என்று காட்டினார்கள். ஆலைத் தொழிலாளரும் பெண்களுமாகப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுக்களுக்கு ஜேம்சின் விளக்கத்தில் இடமே இல்லை. சாதாரண மனிதர்களே வரலாற்றை நகர்த்துகிறார்கள் என்று சான் டொமிங்கோவில் நிறுவியவர் மன்செஸ்ரரில் அதை மறந்துபோனார். வெறுப்பு சில சமயம் நல்ல வரலாற்றாசிரியரையும் சோம்பேறியாக்கும்.

ஆனால் பிற் அரசாங்கத்தைப் பற்றிய அவர் கோபம் முழுதும் பொய்யில்லை. 1793 பெப்ரவரியில் யுத்தம் தொடங்கிய அதே மாதம் இலண்டனில் சான் டொமிங்கோ தோட்டமுதலாளிகளின் பிரதிநிதிகள் தங்கள் தீவைப் பிரித்தானிய முடியின் பாதுகாப்பில் ஒப்படைக்க ஒப்பந்தம் செய்தார்கள். தேசபக்தி சீனி விலையோடு கரைந்தது. செப்ரெம்பரில் பிரித்தானியப் படை ஜெரெமி துறையில் இறங்கியது. அவர்கள் பிடித்த இடங்களிலெல்லாம் அடிமை முறை தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகள். அனுப்பப்பட்ட ஏறக்குறைய இருபதாயிரம் படையினரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலில். வெள்ளைச் சிப்பாய்கள் போதாமல் பிரித்தானிய அரசு 1795இலிருந்து 1808 வரை தன் மேற்கிந்தியப் படைப்பிரிவுகளுக்காக பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கர்களை விலைகொடுத்து வாங்கியது. அடிமை ஒழிப்பைப் பாராளுமன்றத்தில் விவாதித்துக்கொண்டே அதே அரசு சந்தையில் மிகப் பெரிய வாடிக்கையாளராக நின்றது.

இந்தச் சுழலுக்குள்தான் தூசேன் லூவெர்த்தூர் எழுகிறார். முதலில் ஸ்பானிய மன்னரின் படையில் அதிகாரி. 1794 மேயில் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் மாறுகிறார். ஏன் மாறினார், பாரிஸ் சட்டத்தின் செய்தி அவருக்கு எட்டியிருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஜேம்ஸ் வாதாடவில்லை. அவருக்கு அது கொள்கையின் மாற்றம். 1798இல் பிரித்தானியத் தளபதி மெயிற்லண்ட் தோல்வியை ஏற்று வெளியேறும்போது பாரிசைக் கேட்காமலே தூசேன் அவரோடு இரகசிய உடன்பாடு செய்கிறார். 1799இல் பிரித்தானியாவோடும் அமெரிக்காவோடும் வணிக ஏற்பாடு. பெயருக்குப் பிரெஞ்சுத் தளபதி, கையில் தனிநாட்டின் வெளியுறவுக் கொள்கை. மூன்று பேரரசுகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு நடுவில் நடந்த இந்த மனிதரின் சாதுரியத்தை ஜேம்ஸ் எழுதும் பக்கங்கள் வேகமானவை. வாசிப்பவருக்கு மூச்சு முட்டும்.

இங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். 1799இல் ஜமேய்க்காவில் அடிமைகளைக் கிளர்ந்தெழச் செய்யும் திட்டம் ஒன்று பிரெஞ்சு ஆணையாளர் பக்கத்தில் உருவானபோது அதைப் பிரித்தானியருக்குக் காட்டிக்கொடுத்தவர் தூசேன். திட்டத்தோடு போன சஸ்போர்த்தாஸ் என்ற இளைஞர் கிங்ஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். பிரித்தானியக் கடற்படை தன் துறைமுகங்களைத் திறந்துவைக்கவேண்டும், அதற்கு விலை ஜமேய்க்காவின் அடிமைகள். பக்கத்துத் தீவு, கிட்டத்தட்ட அதே மக்கள். பேரரசுகளின் முரண்பாட்டைப் பயன்படுத்துவது என்று நாம் எல்லோரும் ஒரு காலத்தில் இலகுவாகச் சொல்லிய தந்திரத்துக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது. பயன்படுத்துகிறவர் எப்போது பயன்படுத்தப்படுகிறவர் ஆகிறார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது, சில வேளை அவருக்கே தெரியாது.

நண்பரின் கூற்றில் மிக நுட்பமான தவறு அடுத்து வருகிறது. போட்டி காப்பாற்றியது என்றால், போட்டி நின்றால் என்ன நடக்கும் என்று தலைவர் கணக்கிட்டிருக்கவேண்டும். 1801 ஒக்ரோபர் 1ஆம் திகதி இலண்டனில் பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானத்துக்கான பூர்வாங்க உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கடல் திறந்தது. டிசெம்பரில் நெப்போலியனின் மைத்துனர் லெக்கிளேர் தலைமையில் பெரும் கடற்படை புறப்பட்டது. பிரித்தானியா தடுக்கவில்லை. ஜமேய்க்காவுக்குப் பக்கத்தில் கறுப்பர்களின் அரசு ஒன்று நிலைப்பதைவிடப் பழைய எதிரி அங்கே திரும்பி வருவது அதற்கு உவப்பாக இருந்தது. எட்டாண்டுகள் ஒருவரையொருவர் கொன்றவர்களுக்குள் இந்த ஒரு விடயத்தில் உடன்பாடு காண்பது கடினமாக இருக்கவில்லை.

1802 மார்ச்சில் அமியென் நகரில் இறுதி உடன்படிக்கை. அதன் வாசகத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கிறது. யுத்தத்தில் பிடித்த இடங்களில் பிரித்தானியா தன்னிடமே வைத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டவை இரண்டு. ஸ்பெயினிடமிருந்து திரினிடாட். ஒல்லாந்தரிடமிருந்து இலங்கை. ஒல்லாந்து பிரெஞ்சுப் படையின் கைக்குப் போனதால் 1795 ஓகஸ்டில் திருகோணமலையையும் செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தையும் 1796 பெப்ரவரியில் கொழும்பையும் பிரித்தானியர் பிடித்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த வரிசை. யாழ்ப்பாணக் கோட்டையில் கொடி மாறிய அதே காலத்தில் அதே யுத்தத்துக்காகப் பிரித்தானியச் சிப்பாய்கள் சான் டொமிங்கோவில் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜேம்ஸ் பிறந்த தீவும் நாம் பிறந்த தீவும் ஒரே தாளில் பிரித்தானியருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. அந்தத் தாள்தான் தூசேனின் சாவுக்கும் வழி திறந்தது. ஜேம்ஸ் திரினிடாட்டைப் பற்றிய இந்தத் தற்செயலை நூலில் எங்கும் தூக்கிப்பிடிக்கவில்லை. தன்னைப் பற்றிப் பேசாத அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்தது, ஆனால் என்னால் அதைப் பின்பற்ற முடியவில்லை.

கணக்குத் தவறியது வெளியுறவில் மட்டுமல்ல. இலண்டனில் கையெழுத்தான அதே ஒக்ரோபரில் வடக்குச் சமவெளியின் தொழிலாளர் மீண்டும் எழுந்தார்கள். இம்முறை தூசேனுக்கு எதிராக. அடிமை முறை ஒழிந்தது, ஆனால் தோட்டத்தை விட்டுப் போக அனுமதியில்லை. 1800இல் வந்த ஒழுங்குவிதி அவர்களைச் சிப்பாய்களைப் போலப் பழைய தோட்டங்களோடு கட்டிப்போட்டது. வெள்ளை முதலாளிகள் அழைக்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். 1801 யூலை அரசியலமைப்பு தூசேனை ஆயுட்கால ஆளுநராக்கியதோடு வெளியிலிருந்து வேலையாட்களைத் தருவிக்கவும் இடம் வைத்தது. அந்த வேலையாட்கள் எந்தக் கப்பலில் வருவார்கள் என்று தொழிலாளருக்குத் தெரியும். கிளர்ச்சிக்காரர் மொயீசின் பெயரைச் சொல்லி எழுந்தார்கள். மொயீஸ் வடக்கின் தளபதி, தூசேன் தன் மருமகனாக வளர்த்தவர், பெருந்தோட்டங்களைத் துண்டாக்கிக் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று நின்றவர். நவம்பரில் அவரைத் தூசேன் சுட்டுக்கொல்வித்தார்.

இந்த மரணத்தைப் பற்றி ஜேம்ஸ் எழுதியிருப்பதை நம் இயக்கங்களின் வரலாற்றை அறிந்த எவரும் கைநடுங்காமல் வாசிக்க முடியாது. தூசேன் கொடூரமானவர் என்று ஜேம்ஸ் சொல்லவில்லை. சதிகாரர் என்றும் சொல்லவில்லை. தன் மக்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்கிறார். பிரான்ஸ் நாகரிகத்தைத் தரும், ஏற்றுமதி பணத்தைத் தரும், பணம் துப்பாக்கியைத் தரும் என்று தன் மனதுக்குள் ஒவ்வொரு அடியையும் சரியாகக் கணக்கிட்டார், ஆனால் அந்தக் கணக்கை மக்களிடம் விரித்துக் காட்டவில்லை. நெப்போலியன் வருவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கிகள் வாங்கிக் குவித்தார். அதே நேரத்தில், வருகிறவன் ஏன் எதிரி என்று சொல்லாமல், வெள்ளைத் தோட்டக்காரருக்குச் சலாம் போடும்படி மக்களிடம் கேட்டார். லெக்கிளேரின் கப்பல்கள் தெரிந்தபோது யாரோடு நிற்பது என்று பல தொழிலாளருக்கும் சில தளபதிகளுக்கும் குழம்பியது. அந்தக் குழப்பத்தின் வேர் மொயீசின் உடலில் பாய்ந்த குண்டு.

ஜேம்ஸ் இதை எழுதிய ஆண்டில் மொஸ்கோவில் பழைய புரட்சியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுவரோடு நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துப்பாக்கிச் சத்தம் தன் எழுத்து மேசைக்குக் கேட்டது என்பதை முன்னுரையில் மறைக்கவில்லை. ஆனாலும் தூசேனை ஸ்டாலினாக்காமல் விட்டது அவருடைய நிதானம். ஆட்களைக் கொன்றவர்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுவது நம் விமர்சனத்தில் இப்போது சுலபமாக நடக்கிற காரியம். அந்தப் பெட்டிக்குள் போனபிறகு யாரைப் பற்றியும் எதையும் விளங்கிக்கொள்ளத் தேவையில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தூசேன் பற்றிய சில அடிப்படைத் தகவல்கள் பிழை. புரட்சி தொடங்கும்வரை அடிமையாக இருந்தவர் என்று ஜேம்ஸ் எழுதினார். 1977இல் வெளிவந்த ஆவணங்கள் அவர் 1776க்கு முன்னரே விடுதலை பெற்றிருந்தார் என்றும் ஒரு சிறு கோப்பித் தோட்டத்தை அங்கிருந்த அடிமைகளோடு குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றும் காட்டின. இது ஜேம்சின் குற்றமில்லை, காலத்தின் குறை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் 1800இன் ஒழுங்குவிதி நமக்கு வேறுவிதமாகத் தெரியும். தோட்டம் என்பது அவருக்கு ஆறாத வடு மட்டுமில்லை, பழகிய தொழிலும்கூட.

இரண்டாவது குறை பெரிது. அது தலைப்பிலேயே இருக்கிறது. சான் டொமிங்கோவின் அடிமைகளில் பெரும்பான்மையோர் ஆபிரிக்காவில் பிறந்தவர்கள் என்று ஜேம்சே எழுதுகிறார். கொங்கோவின் உள்நாட்டு யுத்தங்களில் படைவீரராக இருந்து பிடிபட்டு விற்கப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் துப்பாக்கியை எங்கே பழகினார்கள், இரவில் எந்தத் தெய்வத்தை அழைத்தார்கள், நிலம் என்றால் என்னவென்று நினைத்தார்கள் என்பவற்றுக்கு ‘ஜக்கோபின்’ என்ற பாரிஸ் சொல் எதையும் சொல்லித்தருவதில்லை. வூடூ சடங்கைப் பற்றி அவர் ஓரிரு பக்கம் எழுதிவிட்டுத் தூசேனின் மேசைக்கு விரைந்துவிடுகிறார். 1990இல் கரொலின் ஃபிக் கீழிருந்து அந்தப் புரட்சியை எழுதினார். 1995இல் ஹெயிட்டியரான மிஷெல்-றொல்ப் திரூயோ, இந்தப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோதே அதை நினைத்துப்பார்க்க ஐரோப்பிய அறிவுக்கு இயலவில்லை என்று வாதிட்டார். இவர்களை வாசித்தபின் ஜேம்சுக்குத் திரும்பினால் நாயகனைச் சுற்றி அரங்கு கொஞ்சம் இருட்டாகவே தெரிகிறது. நாடகமாகத் தொடங்கிய நூல் என்பதை இந்த இடத்தில் உணரலாம். பெண்கள் அந்த இருட்டிலும் பின்வரிசையில். ஆனால் ஜேம்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1971இல் அட்லாண்டாவில் இந்நூலைப் பற்றியே நிகழ்த்திய விரிவுரைகளில், இன்று எழுதினால் எப்படி மாற்றி எழுதுவேன் என்று தானே பேசினார். தலைவருக்குக் குறைந்த இடமும் பெயரற்ற கூட்டத்துக்குக் கூடிய இடமும் கொடுப்பேன் என்பது அதன் சாரம். எழுபது வயதில் தன் முதன்மையான நூலை எதிர்த்துப் பேச முடிந்தது அவருக்கு. நமக்கு நாற்பதில் ஒரு கவிதையைத் திருத்தச் சொன்னாலே பகையாகிவிடுகிறது.

அந்தப் பெயரற்ற கூட்டமே கடைசியில் தீர்த்துவைத்தது. தூசேன் 1802 யூனில் வஞ்சகமாகக் கைதாகி, பிரான்சின் யூரா மலைக் கோட்டை ஒன்றில் 1803 ஏப்ரலில் குளிரில் இறந்தார். குவாடலூப்பில் அடிமை முறை திரும்புகிறது என்ற செய்தி சான் டொமிங்கோவை எட்டியபோது தளபதிகள் பலர் இன்னும் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள். மலைகளில் விட்டுக்கொடுக்காமல் நின்றவர்கள் பெயர் தெரியாத சிறு குழுக்கள். தளபதிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள். 1803 மேயில் பிரித்தானியாவும் பிரான்சும் மறுபடி யுத்தத்தில் இறங்கின. பிரித்தானியக் கப்பல்கள் துறைமுகங்களை மறித்தன. வேர்த்தியேர் சமருக்குப் பின் எஞ்சிய பிரெஞ்சுப் படை கடலில் பிரித்தானியரிடமே சரணடைந்தது. 1804 ஜனவரி 1ஆம் திகதி டெசாலின் சுதந்திரத்தை அறிவித்தார். நண்பரின் பாதி இங்கே மறுபடி உண்மையாகிறது. ஆனால் மறிப்பு வந்தபோது மலையில் ஒருவரும் எஞ்சியிருக்காவிட்டால் அந்தக் கப்பல்கள் யாருக்கு உதவியிருக்கும்?

1825இல் பிரெஞ்சு மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த ‘உடைமை’க்கு நட்டஈடாகப் பதினைந்து கோடி பிராங் கேட்டார். 1838இல் அது ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடனின் மிச்சம் இருபதாம் நூற்றாண்டுவரை இழுத்தது. ஜேம்சின் முதல் அத்தியாயத் தலைப்பு அந்தப் பற்றுச்சீட்டில் மறுபடி எழுதப்பட்டிருந்தது.

அன்று மாலை இவ்வளவையும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதியில் தேநீர் வந்துவிட்டது, பிறகு கடைசி ரயில் நேரம். நண்பர் மிச்சமிருந்த பக்கங்களையும் வாசித்துவிட்டு இரண்டு வாரத்துக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தார். ஒப்புக்கொள்ளவில்லை. “மொயீசைச் சுட்டது பிழை. அதை விடு. ஆனா சமாதானம் வராட்டி அது பிழையெண்டு ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டார். இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. பிரெஞ்சு வாசிக்கக்கூடியவர்களுக்காக ஒரு தகவல்: பியர் நவீலின் மொழிபெயர்ப்பு 1949இலேயே பாரிசில் வெளிவந்திருக்கிறது. நண்பர் அதையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்து மொயீசின் பகுதியை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறார்.